சோளகம் முகத்தில்

யாழ்ப்பாணம்,
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். தங்கச்சியின் மூத்தவன் ஸ்கொலர்ஷிப் சோதனைக்குப் படிக்கிறான். கிணற்றடி மாமரம் இந்த வருடம் நிறையக் காய்த்திருக்கிறது, பாதி அணிலுக்குத்தான். வட்ஸ்அப்பிலேயே எழுதலாம். ஆனால் நீ பார்த்துவிட்டாய் என்று அது நீலக்கோடு காட்டினால், பதில் வரும்வரை நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருப்பேன். அதனால்தான் கடதாசி. லண்டன் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அங்கே இப்போது யார் இருந்தாலும் உன்னிடம் சேர்த்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

மேலத்தெரு ரீச்சரின் மகள் சித்திரையில் போர்த்துக்கல் போய் வந்தாளாம். லிஸ்பன் நகரத்தில் பொழுதுபடுகிற நேரத்தில் பாய்ப் படகில், யொட் என்று சொல்கிறார்கள், ஆற்றில் இரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொண்டு போய்க் கரையிலுள்ள பழைய கட்டடங்களைக் காட்டுவார்களாம். ரீச்சர் எங்கள் விறாந்தையில் இருந்து அந்த வீடியோவைக் காட்டினா. அம்மா கண்ணாடி போடவில்லை. "நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டா. நான் கடைசிவரை பார்த்தேன்.

கரையோடு ஒரு பெரிய சதுக்கம், பிறகு சிவப்பு நிறத்தில் ஒரு தொங்குபாலம், மற்றக் கரையில் கை இரண்டையும் விரித்தபடி யேசு சிலை. பிறகு அந்த வெள்ளைக் கோபுரம். ரீச்சரின் மகள் அதைப் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்புகிறபோது, பின்னுக்குச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு பெடியன் கயிறு சுற்றிக்கொண்டு நிற்கிறான். நாலு விநாடி. தொப்பி போட்டிருந்தான், முகம் வடிவாகத் தெரியவில்லை. கயிற்றை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் குறுக்காகச் சுற்றி, கடைசிச் சுற்றைப் பெருவிரலுக்குள் விட்டு உட்பக்கமாக இழுத்து இறுக்கினான். அப்படி முடிகிற ஒரேயொரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவர் காலமாகி முப்பது வருடத்துக்கு மேல். துலாக்கயிற்றை வைத்து ஒரு சின்னப் பெடியனுக்கு அவர் அதைப் பழக்கியதைக் கண்டவனும் நான்தான்.

பாலம் நல்லாக இருக்கிறது, எனக்கும் அனுப்புங்கோ என்று ரீச்சரிடம் கேட்டு வாங்கினேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெடியன் லைஃப் ஜக்கெற் போடவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் போட்டிருக்கிறார்கள், அவன் போடவில்லை. எவ்வளவு பழகினவனாக இருந்தாலும் தண்ணீருக்கு ஆளைத் தெரியாது. குறிகாட்டுவானில் நயினாதீவுப் படகுக்குக்கூட இப்போது கொடுக்கிறார்கள், சின்னக் கடல்தானே அது. அந்த ஆறு எங்கள் கடலைப் போல அகலம். அவனுக்கு அந்த நாட்டில் வேலை செய்யக் கடதாசி எல்லாம் சரியாக இருக்குமா? லண்டன் பாஸ்போட் அங்கே செல்லாது என்கிறார்களே. மாரி வந்து வெள்ளைக்காரர் வராத மாதங்களில் என்ன செய்வான், எங்கே இருப்பான், யார் சமைத்துக் கொடுப்பார்கள்? நீ எப்போதாவது அந்தப் பக்கம் போனால், லைஃப் ஜக்கெற் போடச் சொல்லு.

அடுத்த நாள் நூலகத்துக்குப் போய் இரண்டு பின்னேரம் இருந்து வாசித்தேன். ஓய்வு பெற்றபிறகு இவ்வளவு நேரம் ஒரு மேசையில் நான் இருந்ததில்லை. அந்தக் கோபுரத்தின் பெயர் பெலெம். 1514இல் தொடங்கிக் கட்டியிருக்கிறார்கள். அதற்கும் முன்னமே, 1497இல், அந்தக் கரையிலிருந்துதான் வாஸ்கோ ட காமா பாய் விரித்து அடுத்த வருடம் கள்ளிக்கோட்டைக்கு வந்திருக்கிறான். பாலம் 1966இல் திறந்தது. அதற்கு முதலில் அவர்களுடைய சர்வாதிகாரியின் பெயர், 1974இல் புரட்சி வந்தபிறகு ஏப்பிரல் 25 என்று அந்த நாளின் பெயரையே வைத்துவிட்டார்கள். சதுக்கம் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் அரண்மனை இருந்ததாம். 1755இல் பூமி அதிர்ந்து, கடல் ஏறி, நெருப்புப் பிடித்து எல்லாம் போய்விட்டது. கரையோடு பிறகு ஊரையே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதே கரையில் கப்பலின் அணியம், அதுதான் முன்முனை, மாதிரி நிமிர்ந்து நிற்கிற நினைவுக்கல், 52 மீற்றர், 1960இல் வைத்தது. கடல் ஓடினவர்களுக்கு அப்படி ஒரு மரியாதை செய்திருக்கிறார்கள்.

அதை வாசித்தபோது மனம் ஒரு மாதிரிப் போய்விட்டது. அந்தக் கரையில் இருந்து புறப்பட்டு வந்த பறங்கியர்தானே 1619இல் எங்களைப் பிடித்தார்கள். எங்கள் அரசன் சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள், 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். அந்தக் கோயில் கல்லும் கோட்டைக்குள் போனது என்று அப்பம்மா சொல்லுவா, ஞாபகம் இருக்கும். பிறகு ஒல்லாந்தர் 1658இல் வந்து, பறங்கியரின் கோட்டையை உடைத்து ஐந்து மூலைக் கோட்டையாகக் கட்டினார்கள். அந்த முருகைக்கல் மதிலைத்தான் நான் தினமும் பின்னேரம் பண்ணைக் கடற்கரையில் நின்று பார்க்கிறேன். அவர்கள் புறப்பட்ட அதே தண்ணீரில், நானூறு வருடம் கழித்து எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் பாய்க்கயிறு பிடித்து நிற்கிறான். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை தம்பி. நெஞ்சு நிமிர்ந்தது.

எங்கள் ஐயாவும், உன் அப்பப்பா, இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கன் ஒருத்தன் வாங்கி, எங்கள் ஊரார் ஐந்து பேர் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையில் விட்டபோது ஐயாவுக்குப் பதின்மூன்று வயது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவர் பாய்க்கப்பல் நடத்துகிற தண்டயலானார். ரங்கூன் போனார், காக்கிநாடா போனார். நான் மட்டும் அரசாங்கக் கச்சேரியில் பைல் கட்டினேன்.

சரி, இதையும் சொல்லவேண்டும். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கிற கோல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "ஒஃபிஸில வேலை கூட அப்பா" என்கிறாய். போன மாதம் நீ கதைக்கும்போது பின்னுக்குக் கடற்பறவை கத்தியது. நான் கேட்டதற்கு ரீவி என்றாய். அம்மா அதை நம்பினா. நானும் ஓம் என்றேன். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை நீ, அதனால் சொல்கிறபோது உன் குரல் சின்னதாகிவிடும். காசு மட்டும் முதலாம் திகதி தவறாமல் வருகிறது. இனி அனுப்பாதே. அம்மாவின் மருந்துக்கு என் பென்ஷன் காணும். இதைக் கோபத்தில் எழுதவில்லை, அந்தக் காசு இப்போது உனக்குத்தான் தேவை.

போன சனிக்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். பண்ணையில் ஒரு குருநகர்ப் பெடியனிடம், கோட்டைக்கு முன்னால் என்னை ஒரு சுற்று வள்ளத்தில் கொண்டு போவாயா என்று கேட்டேன். காசு வேண்டாம் என்றான், நான்தான் வலிந்து ஆயிரம் ரூபா கொடுத்தேன். நான் எத்தனை வருடமாக வள்ளத்தில் ஏறவில்லை என்று உனக்குத் தெரியும். நயினாதீவுத் திருவிழாவுக்கு அம்மாவும் தங்கச்சியும் படகேறிப் போவார்கள், நான் குறிகாட்டுவானில் நிற்பேன். வெயில் என்பேன், முழங்கால் என்பேன்.

முப்பது வருடமாகப் பார்க்கிற கோட்டை, தண்ணீரில் இருந்து பார்க்க வேறு கோட்டை. கரையில் நின்றால் மதில்தான் தெரியும். தண்ணீரில் போனால் மூலை ஒவ்வொன்றும் மெல்லத் திரும்பித் திரும்பி வருகிறது. பொழுது மேற்குப் பக்கம் இறங்கும்போது முருகைக்கல் முழுக்கச் செம்பு நிறம். சண்டையில் உடைந்த இடம் எது, பிறகு கட்டின இடம் எது என்று அந்த வெளிச்சத்தில் பிரிக்க முடியவில்லை. கிழக்கே குருநகர் யாகப்பர் கோயில், வடக்கே நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டித் தந்த உயர்ந்த கலாசார மண்டபம், மேற்கே பண்ணைப் பாலத்தில் சைக்கிளும் மோட்டார்ச் சைக்கிளும் எறும்பு போல. சிறகுவலைத் தடிகளில் நீர்க்காகம் இறகு விரித்துக் காயப்போட்டிருந்தது. லிஸ்பன் யொட் எங்கள் கடலுக்கு வராது, அடித்தட்டு மணலில் ஏறிவிடும். அந்தப் பெடியன் கம்பை ஊன்றிக் காட்டி, "இடுப்பளவு தண்ணிதான் ஐயா, ஏன் இப்படிப் பலகையைப் பிடிக்கிறியள்?" என்று கேட்டான். என் விரல் வெளிறிப் போயிருந்தது. அப்போதுதான் இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். மேலே எழுதினதெல்லாம் இதைச் சொல்லத் தயங்கி எழுதியவை.

கிளாலிக் கடல், தம்பி. 1993 ஆடி மாதம். அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்பு போகவேண்டும், வேறு பாதை இல்லை. அம்மாவும் தங்கச்சியும் முன் வள்ளத்தில், நீயும் நானும் அதற்குப் பின்னால் கட்டினதில். எஞ்சின் வள்ளம் ஒன்று எல்லாவற்றையும் கோத்து இழுத்தது. நிலவு இல்லை. நடுக்கடலில் எஞ்சினை நிற்பாட்டினார்கள். நாகதேவன்துறைக் கடற்படை முகாம் பக்கத்தில் இருந்து வெளிச்சம் தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்தது. அந்த வருடம் தையில் அதே கடலில் வள்ளத்தில் போன சனத்துக்கு என்ன நடந்தது என்று வள்ளத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் குப்புறப் படுத்தார்கள். ஒரு ஆள் மட்டும் வாய்விட்டு அழுதது. பக்கத்திலிருந்த கிழவி "சத்தம் போடாதையுங்கோ" என்று அதட்டினா.

அழுதது நான். உனக்கு ஏழு வயது. நீ என் காதுக்குள் சொன்னாய், "தெற்குப் பக்கத்துக் காத்து, சோளகம், முகத்தில படுகுது அப்பா. அப்ப வன்னிக்கரை முன்னுக்குத்தான் இருக்கு. அப்பப்பா சொன்னவர்." என் கையை எடுத்து உன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய். வெளிச்சம் எங்களைத் தொடாமல் போனது. கரையில் இறங்கியபோதும் உன் கைதான் என்னைப் பிடித்திருந்தது.

கொழும்பில் மாமா வீட்டில் கேட்டபோது, "தம்பிதான் பயந்து கத்திப்போட்டான், தண்ணீர் என்றால் இவனுக்கு ஆகாது" என்று நான் சொன்னேன். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய், பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றையில் இருந்து இந்தக் குடும்பத்தில் அது உன்னுடைய கதையாகிவிட்டது. கலியாண வீட்டில் சொன்னோம், செத்த வீட்டில் சொன்னோம், தங்கச்சியின் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தோம். பத்தொன்பது வயதில் கப்பல் எஞ்சினியர் படிப்புக்குப் போட நீ விண்ணப்பப் போம் கொண்டுவந்தபோது, "உனக்குத் தண்ணீர்ப் பயம், கணக்குப் படி" என்று சொல்லி அதை இறாக்கைக்குள் வைத்துப் பூட்டினேன். அது எனக்கு இருந்த பயம். அதை உன் தலையில் வைத்துக் கட்டிவிட்டேன். நீ அப்போதும் மறுத்துச் சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தாய் என்று இப்போது விளங்குகிறது. ஏழு வயதில் தொடங்கின காவல் அது. நான் செய்தது பிழை, தம்பி.

இன்று இரவு அம்மாவிடம் கிளாலியைச் சொல்லப் போகிறேன். என்னுடைய பங்கை மட்டும். மற்றதை நீ எப்போது சொல்ல விரும்புகிறாயோ அப்போது நீயே சொல்லு, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் போம் இன்னும் இறாக்கைக்குள்தான் கிடக்கிறது, ஓரம் பூச்சி அரித்துவிட்டது. அன்னபூரணி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தலைக்குத் துணி கட்டு, ஆற்றுக்காற்றுக் கூதல். லைஃப் ஜக்கெற்றின் வார் இரண்டையும் பூட்டு, ஒன்றோடு விட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை கோல் எடு. பின்னுக்குப் பறவை கத்தினால் கத்தட்டும், ரீவியை நிற்பாட்ட வேண்டாம்.

அன்புடன்,
அப்பா