கொள்ளுப்பாட்டியைப் பிறந்த வீட்டில் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குடும்பக் கூடுகைக்கு வம்சாவளி அச்சடிக்கும் வழக்கம் குமரி மாவட்டத்தில் பெருகியிருக்கிறது. ஆண்களின் பெயர் ஏழு தலைமுறைக்கு இருக்கும். 1900க்கு முந்திய பெண்கள் வரவேண்டிய இடத்தில் 'மனைவி' என்று மட்டும் இருக்கும். கேட்டால் ஆவணம் இல்லை என்பார்கள். பெரும்பாலும் தேடிய வீடுதான் தவறு.

சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழி நடந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் குடும்பங்களில் பெண் வாழ்ந்தது கணவன் வீட்டில், உரிமை இருந்ததோ பிறந்த வீட்டில். கணவன் வீட்டு ஆதாரங்களில் (சொத்துப் பத்திரங்களில்), மனைவி மக்களுக்குத் தரும் பங்கான உகந்துடைமை எழுதியதைத் தவிர, அவள் தலைகாட்டுவது அரிது. தாய்மாமன் காரணவராக (குடும்பத் தலைவராக) இருந்த வீட்டின் பாகபத்திரத்தையும் (பாகப்பிரிவினைப் பத்திரம்) ஒற்றி (அடமான) ஆதாரத்தையும் பாருங்கள். அங்கே 'இன்னார் மருமகள்' என்று இருப்பாள். இந்த மருமகள் மகனுடைய மனைவி அல்ல, சகோதரியின் மகள். இன்றைய பொருளில் படித்தால் வம்சாவளியே புரண்டுவிடும்.

அடுத்த வழுக்கல் ஆண்டு. பழைய திருவிதாங்கூர் ஆதாரங்களில் கொல்லம் ஆண்டுதான். அதை ஆங்கில ஆண்டாக்க எல்லாவற்றோடும் 825 கூட்டுவது தவறு. ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். 1048 ஆவணி என்றால் 1872. அதே 1048 தை என்றால் 1873. மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டிலும் விழும், தேதி பார்த்தே முடிவு செய்யலாம். மலையாள மாதப் பெயர் இருந்தால் சிங்ஙம் ஆவணி, தனு மார்கழி, மகரம் தை. எண்களும் ஏமாற்றும்: ௲௪௰௮ என்றிருப்பதுதான் 1048. ௪ஐச் 'ச' என்றும் ௮ஐ 'அ' என்றும் எழுத்தாகப் படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

அக்கால ஆதாரத்தில் சர்வே எண் எதிர்பார்க்க வேண்டாம். விளையின் (தோட்ட நிலத்தின்) பெயரும் நான்கெல்லையுமே அடையாளம். தன் பெயரில் ஆதாரமே இல்லாத பெண்ணும், பக்கத்து விளைக்காரரின் ஆதாரத்தில் 'கிழக்கு இன்னாள் வகை புரயிடம்' (இன்னாளுக்குரிய வீட்டு நிலம்) என்று எல்லையாக நிற்பாள். இதை யாரும் தேடுவதில்லை. நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

பாட்டி பெயரைப் பேத்திக்கு இடுவதால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பும். இருவரையும் ஒருத்தியாக்கி நூற்றுப்பத்து வயது வாழவைத்த வம்சாவளிகளும் உண்டு. தாய் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே ஏற்க வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோவில் பதிவேடு உண்டு. ஞானஸ்நானத்தின்போது பெயர் மாறியிருக்கும். மிஷன் விடுதிப் பள்ளிகளில் உதவிப்பணம் தந்த ஆங்கிலேயரின் பெயரையே பிள்ளைக்கு இட்டதும் உண்டு. கத்தோலிக்கப் பதிவானால் ஞானத்தாயின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பலவேளை அவள் தாய்வழி உறவு.

ஓலைக்கட்டு கிடைத்தால் கயிற்றை உருவுமுன் ஓலைகளை வரிசையாக எண்ணிப் படமெடுக்கவும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் எழுத்தாணிக் கீறல் தெரியும். மங்கியிருந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெயில் விளக்குக்கரி குழைத்து மெல்லத் தடவித் துடைக்கலாம். மையால் எழுதிய ஓலையில் இதைச் செய்தால் எழுத்தே துடைபட்டுப் போகும். காகித ஆதாரத்துக்கு லாமினேஷனும் பசை டேப்பும் கூடவே கூடாது.

வாசகர்,
தோவாளை