தீனுக்கு வரும் சோளம் உடைத்தே வரட்டும்: வட மாகாண விவசாய, கால்நடைத் திணைக்களங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழித்தீனுக்கும் மாட்டுத்தீனுக்கும் என்று வெளிநாட்டிலிருந்து இறக்கும் சோளம் முழு மணியாக யாழ்ப்பாணத்துக்குள் வரக்கூடாது. துறைமுகத்திலோ தீன் ஆலையிலோ உடைத்த பிறகுதான் அது வடக்குக்கு லொறி ஏற வேண்டும்.

மரபணு மாற்றிய எந்தப் பயிரையும் வணிக அளவில் பயிரிட இலங்கையில் அனுமதி இல்லை. ஆனால் உலகச் சந்தைக்கு அதிகமாகச் சோளம் அனுப்பும் அமெரிக்கா, பிரேசில், ஆர்ஜென்டீனா ஆகிய நாடுகளில் விளைவதில் மிகப் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். தீனில் சேரும் சோயாப் புண்ணாக்கு வயலில் முளைக்காது. எண்ணெய் எடுக்கும்போதே அதன் உயிர் போய்விடும். முழுச் சோளம் அப்படியல்ல. சாக்கிலிருந்து சிந்திய மணி ஒரு மழை கண்டால் முளைவிடும்.

முளைத்தால் என்ன என்று கேட்கலாம். சோளத்தின் மகரந்தம் காற்றில் போவது. பெரும்பாலானது கிட்டவே விழுந்தாலும், கொஞ்சம் சில நூறு மீற்றர் வரை போகும். அதனால்தான் விதைக்காகச் சோளம் செய்பவர்கள் 200 மீற்றர் இடைவெளி விடச் சொல்கிறார்கள். கோப்பாயிலும் புத்தூரிலும் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? நாங்கள் தோட்டம் செய்வது பரப்புக் கணக்கில். 16 பரப்பு ஓர் ஏக்கர். நாலு பரப்புத் துண்டு சதுரமாக இருந்தால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 32 மீற்றர் வராது. பக்கத்துத் தோட்டத்தில் எது பூத்தாலும் அதன் மகரந்தம் என் பொத்தியில் வந்து விழும். நல்ல பொத்தியாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பவர் அடுத்த போகத்தில் எதை ஊன்றுகிறோம் என்று தெரியாமலே ஊன்றுவார்.

மெக்சிகோவில் நடந்தது இதுதான். 1998 முதல் அங்கே மரபணு மாற்றிய சோளத்தைப் பயிரிடத் தடை இருந்தது. இருந்தும் 2001இல் ஒவாக்கா மாநிலத்து மலைக்கிராமங்களின் நாட்டுச் சோளத்தில் அந்த மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. தின்பதற்கென்று இறக்கிய மணியைச் சிலர் விதைத்திருக்கலாம் என்பதே பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். 2004இல் வட அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையம் சொன்ன பரிகாரங்களில் ஒன்று, இறக்கும் சோளத்தை உள்ளே விடும்போதே அரைத்துவிடுவது. இங்கும் விதை விலை ஏறும் காலத்தில், தீன் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் மணியை இரண்டு வரி ஊன்றிப் பார்க்க யாருக்கும் மனம் வரும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மணி முழுசாகக் கடைக்கு வந்ததுதான் பிழை.

மனிதர் உண்ணும் மரபணு மாற்றிய உணவுக்கு 2007 முதல் இங்கே லேபல் கட்டாயம். மாடும் கோழியும் தின்பதற்கு அந்த விதி பொருந்தாது. அந்தச் சோளம் தின்ன நல்லதா கூடாதா என்ற வாதம் வேறு. இன்று நான் பேசுவது விதையைப் பற்றி.

இறக்குமதி அனுமதி கொழும்பின் கையில் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் மாகாணத்தின் சார்பில் எழுத்தில் கேட்க உங்களால் முடியும். காங்கேசன்துறையைச் சரக்குத் துறைமுகமாக வளர்க்கும் பேச்சு நடக்கும் இந்த நேரத்திலேயே கேளுங்கள். கப்பல் வந்து கட்டிய பிறகு யாரும் காதில் போடமாட்டார்கள். அதுவரை தீன் கடைகளில் முழு மணி விற்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆலைகளையும் லொறி நிற்கும் இடங்களையும் சுற்றித் தானாக முளைத்த சோளத்தை ஆண் பூ விரியுமுன் பிடுங்க ஆள் அனுப்புங்கள்.

அப்புறம் இன்னொன்று. அப்படி முளைத்த செடி ஒன்றை விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோனால், அதை எங்கே அனுப்பிச் சோதிப்பார்கள், செலவு யாருடையது என்பதைக் காலபோக விதைப்புக்கு முன் எல்லாக் கமநல சேவை நிலையங்களிலும் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர்