ஈஞ்சம்பாக்கத்தில் எனக்காக நின்றவர்களுக்கு

பெயர் தெரியாதவர்களுக்கு நான் எழுதும் முதல் மடல் இது. யாராவது படித்து, 'அட, அது நாமதானே' என்று நினைத்தால் போதும்.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு. ஜனவரி சென்னை மாரத்தானுக்காக 32 கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள். காலை நாலரைக்குத் திருவான்மியூரில் கிளம்பி, ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) உத்தண்டியைத் தாண்டிப் போய்த் திரும்புவதாகத் திட்டம். கூட வருகிறேன் என்ற தோழிக்குக் காய்ச்சல். சரி, தனியாகவே போகலாம் என்று கிளம்பிவிட்டேன். (47 வயதில் இருட்டில் தனியாக ஓடப்போகிறவளை வீட்டில் யாரும் பாராட்டி அனுப்புவதில்லை.)

முதல் நன்றி, அந்த இருட்டில் எதிரே வந்து கையைத் தூக்கி 'குட் மார்னிங்' சொன்னவர்களுக்கு. முகம்கூடத் தெரியவில்லை. ஆனால் இந்தச் சாலையில் நான் ஓடுவதை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்பதே ஒரு தைரியம்.

திரும்பும்போது 24ஆவது கிலோமீட்டரில், ஈஞ்சம்பாக்கம் அருகே, இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொண்டது. தப்பு என்னுடையதுதான். அந்தப் புழுக்கத்தில் சட்டையெல்லாம் உப்புப் பூத்திருக்க, வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டு வந்திருந்தேன். சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மஞ்சள் சட்டைத் தம்பி, நீங்கள் வந்த வேகத்தைப் பார்த்து, நிற்க மாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். வேகப் பயிற்சியை நடுவில் விட்டால் அன்றைய பாடு அவ்வளவுதான் என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் நின்றீர்கள், ஓட்டக் கணக்கை நிறுத்த நீங்கள் அழுத்தியதும் உங்கள் கடிகாரம் 'பீப்' என்றது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. "மேடம், முட்டியை மடக்காதீங்க" என்று சொல்லி, என் பாதத்தை முழங்கால் பக்கமாக மெல்லத் தள்ளிப் பிடித்துக்கொண்டீர்கள். அப்புறம் உங்கள் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு நீலாங்கரை வரை கூடவே நடந்தீர்கள். பாதி வழியில் 'மேடம்' 'அக்கா' ஆனது. நீங்கள் என் பெயரைக் கேட்கவில்லை, மாரத்தானில் என்ன டைமிங் எதிர்பார்க்கிறேன் என்றுதான் கேட்டீர்கள். ஐந்தரை மணி நேரம் என்றேன். சிரிக்கவில்லை. அதற்குத் தனி நன்றி.

நீலாங்கரையில் கார் டிக்கியைத் திறந்து வைத்திருந்த ஐயாவுக்கு: அது உங்கள் ஓட்டக் குழுவுக்காக நீங்கள் வைத்திருந்த தண்ணீரும் பழமும். நான் எந்தக் குழு என்று யாரும் கேட்கவில்லை. ஓஆர்எஸ் பாக்கெட்டை அரை பாட்டில் தண்ணீரில் கொட்டப் போன என் கையைப் பிடித்து, "ஒரு பாக்கெட்டுக்கு முழுசா ஒரு லிட்டரும்மா, இதுக்கும் அளவு இருக்கு" என்று திட்டினீர்கள். என் அப்பா போன பிறகு அப்படி யாரும் என்னைத் திட்டியதில்லை. உப்புத் தூவிய வெள்ளரித் துண்டுகளை ஊட்டாத குறையாகக் கொடுத்த கல்லூரிப் பெண்ணே, உனக்கும் நன்றி.

பாலவாக்கம் டீக்கடை அக்காவுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். அன்று கையில் காசில்லை, போனும் வியர்வையில் நனைந்து செத்திருந்தது. "வரும்போது குடு" என்று டீயும் இரண்டு பொறையும் கொடுத்தார். அடுத்த வாரம் காசோடு போய் நின்றால் அவருக்கு என்னை நினைவே இல்லை. "ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாரும் இப்படித்தான் நனைஞ்சு வந்து நிக்கிறீங்க, எதுன்னு ஞாபகம் வச்சுக்க?"

ஜனவரியில் ஓடி முடித்தேன். 5 மணி 41 நிமிடம். 42 கிலோமீட்டர் ஆன பிறகும் மிச்சமிருக்கும் 195 மீட்டர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஆரம்பித்த கணக்காம். அதைத் திட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். வழியெல்லாம் உங்களைத் தேடினேன், தம்பி. அன்றைக்கென்று பார்த்து ஊரே மஞ்சள் சட்டை போட்டிருந்தது.

உங்கள் நீல பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூடியில் சின்ன விரிசல், அது முன்பே இருந்ததுதான். கழுவி, பையிலேயே வைத்திருக்கிறேன். ஞாயிறு தவறாமல் நாலரைக்குத் திருவான்மியூர் சிக்னலில் நிற்பேன்.