‘கடலில் இறங்கத் தயார்’ என்று விற்ற ஸ்பியர்கன்: லைன் கட்டியதில் குறைபாடு பற்றிய புகார்

சிட்னி, நியூ சவுத் வேல்ஸ்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: 110 செ.மீ. ரெயில்கன் வகை ஸ்பியர்கன் – அறுந்த ஷூட்டிங் லைனும் நீங்கள் அனுப்பிய மறுப்பும்

ஐயா / அம்மையீர்,

உங்கள் கடையில் தமிழில் விசாரித்து வாங்கியதால் தமிழிலேயே எழுதுகிறேன். நான் வாங்கிய ஸ்பியர்கன்னில், அதாவது தண்ணீருக்கடியில் மீனை அடிக்கும் ஈட்டித் துப்பாக்கியில், ‘லைன் கட்டியது, கடலில் இறங்கத் தயார்’ என்ற அட்டை தொங்கியது. ஈட்டியைத் துப்பாக்கியோடு பிணைக்கும் அந்த லைனைக் கட்டியதற்குத் தனிக் கூலியும் ரசீதில் இருக்கிறது. அந்தக் கட்டுதான் அறுந்தது. ஈட்டி போனதோடு முடியவில்லை. உடம்பில் ஈட்டி பாய்ந்த ஒரு பெரிய யெல்லோடெயில் கிங்ஃபிஷ், அந்த இரும்பை இழுத்துக்கொண்டே ஆழத்துக்குப் போய்விட்டது. அது பிழைத்திருக்காது. நியூ சவுத் வேல்ஸில் 65 செ.மீ.க்குக் குறைந்த கிங்ஃபிஷ்ஷை எடுக்கக் கூடாது. அளவு உறுதியாகத் தெரிந்தால்தான் விசையைத் தொடுவேன். அப்படிப் பார்த்து அடித்த மீன் யாருக்கும் உணவாகாமல் வீணாய்ச் சாவதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

‘பாறையில் உரசி அறுந்திருக்கும், லைன் தேய்மானப் பொருள், உத்தரவாதத்தில் சேராது’ என்று பதில் அனுப்பினீர்கள். மிச்ச லைனை ஒருமுறையாவது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். பாறையில் உரசிய தங்கூசி கொஞ்ச தூரத்துக்காவது சொரசொரப்பாகி வெளுத்திருக்கும். என்னிடம் இருக்கும் 1.8 மி.மீ. மோனோ (ஒற்றை இழைத் தங்கூசி), அறுந்த இடம் வரை வழவழப்பாகவும் தெளிவாகவும் இருக்கிறது. அறுந்த முனையில் மட்டும் ஒரு பக்கம் கத்தி பட்டதுபோல் நேரான வெட்டு, மறுபக்கம் இழுபட்டுப் பிய்ந்த இழை.

அந்த வெட்டு எங்கிருந்து வந்தது என்பதை, பங்கி (லைனின் துப்பாக்கிப் பக்க முனையில் உள்ள ரப்பர் இழுவை) பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் ஸ்லீவே (லைனை மடித்துப் பூட்டும் சிறு உலோகக் குழல்) காட்டுகிறது. இரட்டைக் குழல் ஸ்லீவை, அதன் அளவுக்கேற்ற வளைந்த பள்ளம் உள்ள கிரிம்ப் கருவியால் அழுத்த வேண்டும். இரண்டு ஓரத்திலும் சிறிது இடத்தை நசுக்காமல் விட்டால்தான் விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து, லைனில் பதியாமல் நிற்கும். உங்கள் ஆள் சாதாரணக் குறடால் ஓரம் வரைக்கும் நசுக்கியிருக்கிறார். பல் தடங்கள் அப்படியே தெரிகின்றன. விளிம்பு லைனுக்குள் இறங்கிப் பாதி வெட்டி வைத்திருக்கிறது. ஈட்டிப் பக்கம் லைன் அறுந்ததும் சரியாக ஸ்லீவின் வாயில்தான்.

இதோடு நீளமும் தவறு. இரண்டு சுற்று என்று எழுதித்தான் விற்றீர்கள். ஈட்டியின் வால் துளையிலிருந்து துப்பாக்கியின் மூக்குக்கு, அங்கிருந்து கைப்பிடியருகே உள்ள லைன் ரிலீஸுக்கு (சுடும்போது லைனை விடுவிக்கும் கொக்கி), மறுபடி மூக்குக்கு, இன்னொரு முறை ரிலீஸுக்குப் போய்த் திரும்பி மூக்கில் பங்கியோடு முடிய வேண்டும். 110 செ.மீ. குழலுக்கு இந்த ஐந்து ஓட்டங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். இதில் பங்கி லேசாக இழுபட்டு லைன் தொய்யாமல் நின்றால் போதும். நீங்கள் லைனைக் குறைவாக வெட்டிவிட்டு, எட்டாத மிச்சத்துக்குப் பங்கியைக் கடைசி வரை இழுத்து ரிலீஸில் மாட்டியிருந்தீர்கள். கடையில் பார்க்கும்போது விறைப்பாக, அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் ஈட்டி ஓடி முடிக்கும்போது வரும் உதறலைத் தாங்கவே பங்கி இருக்கிறது. ஓட வேண்டிய தூரம் முழுவதற்கும் லைன் இல்லாததால் ஈட்டி வேகம் குறையும் முன்பே நின்றது, அந்த உதறல் முழுவதும் ஏற்கெனவே பாதி வெட்டுப்பட்ட லைனில் இறங்கியது. மீன் முறுக்கி இழுத்ததும் மிச்சமும் போயிற்று.

இந்த மாநிலத்தில் மூச்சை அடக்கித்தான் ஈட்டி வேட்டைக்கு இறங்க முடியும், காற்று உருளைக்கு அனுமதி இல்லை. கீழே ஒருவர் இருக்கும்போது லைன் ரிலீஸிலிருந்து தானாகக் கழன்று காலிலோ கையிலோ சுற்றிக்கொண்டால் அவிழ்க்க அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அளவுக்கு மீறி இழுத்து மாட்டிய லைன் அப்படிக் கழலக்கூடியதுதான். ஆகவே என் ஈட்டியின் விலையோடு இது முடிகிற விஷயம் அல்ல. அதே மேசையில், அதே குறடால் கட்டிய மற்ற துப்பாக்கிகளும் விற்றுப் போயிருக்கும். அவற்றை வாங்கியவர்களுக்கு இன்னும் இது தெரியாது.

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, சொன்ன பயன்பாட்டுக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும். பெரிய குறைபாடு என்றால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பொருள் பெறுவதா என்பதை வாங்கியவர் முடிவு செய்யலாம். உங்கள் உத்தரவாத அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமை போய்விடாது. துப்பாக்கியில் குறை இல்லை, அதை நான் வைத்துக்கொள்கிறேன். கட்டுக் கூலியைத் திருப்பித் தாருங்கள், அதே அளவு ஈட்டி ஒன்றைத் தாருங்கள். புது லைனை நானே கட்டிக்கொள்வேன், உங்கள் கடையில் வேண்டாம். இவற்றைவிட முக்கியமாக, ‘தயார்’ அட்டை தொங்கும் எல்லாத் துப்பாக்கிகளையும் விற்பனையிலிருந்து எடுத்து ஸ்லீவையும் நீளத்தையும் சோதியுங்கள். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களை அழைத்து, சோதிக்கும் வரை கடலில் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கிடம் புகார் கொடுப்பேன். ரசீதின் நகலும், அறுந்த முனை, மிச்ச ஸ்லீவ் இரண்டின் படங்களும் இத்துடன் இருக்கின்றன. லைனையும் ஸ்லீவையும் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். நேரில் பார்க்க வேண்டுமென்றால் கொண்டுவந்து காட்டுவேன், ஆனால் உங்களிடம் விட்டுவிட்டு வரமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்