விரல் போன பிறகு வரும் ஆய்வு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மரப்பட்டறை நடத்தி வருகிறேன். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது இறங்கும் பர்மாத் தேக்கு உத்திரங்களையும் நிலைகளையும் விலைக்கு வாங்கி, அறுத்து இழைத்து, கதவாகவும் மேசையாகவும் செய்து கொடுக்கிறோம். பட்டறையில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். இந்த எண்ணிக்கையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசை உள்ள இடத்தில் 10 பேரும் இல்லாத இடத்தில் 20 பேரும் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலையாகக் கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவற்றை 20, 40 என இரட்டிப்பாக்கிவிட்டது. மின்சாரமே இல்லாமல் கண்ணாடியின் மேல் சாயமும் சிமெண்டும் வார்த்து ஆத்தங்குடிக் கல் செய்யும் கொட்டகைகளில் நாற்பது பேரை எங்கே தேடுவது?

ரம்பம் ஆள் கணக்குப் பார்ப்பதில்லை. பழைய உத்திரத்துக்குள் தலை முறிந்த ஆணிகள் வெளியே தெரியாமல் புதைந்திருக்கும். வட்ட ரம்பத்தின் பல் அதில் பட்டால் பல் தெறிக்கும், அல்லது கட்டையே எதிரே நிற்பவரை எத்தி அடிக்கும். தடித்த கட்டைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ரம்பத்தின் மூடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டு வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நானும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வேலை செய்த இளைஞர் ஒருவர் இடக்கையில் இரண்டு விரல்களை இழந்தார். இழப்பீடு கொடுத்தேன், மூடியை மாட்டினேன், ஆணி கண்டுபிடிக்கும் கைக்கருவியும் வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு ஓர் உத்திரத்தின் விலைகூட இல்லை.

புதிய சட்டத்தில், விதிமீறலால் படுகாயம் நேர்ந்தால் ஓராண்டு வரை சிறையோ, 2 லட்சம் முதல் 4 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கே வழங்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எட்டுப் பேர் பட்டறைக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை; எட்டினாலும் விரல் போன பிறகுதான் எட்டும்.

உள்ளாட்சியில் ஆண்டுதோறும் தொழில் உரிமம் புதுப்பிக்கிறோம். ரம்பத்துக்கு மூடி உண்டா என்று அங்கே எவரும் கேட்டதில்லை. அந்தச் சமயத்தில் தொழிலகப் பாதுகாப்புத் துறையினர் ஒருமுறை நேரில் வந்து, குறைகளைத் தமிழில் எழுதி ஒரு படியை எங்கள் கையில் கொடுத்து, சரிசெய்ய இரண்டு மாதம் தரலாம். மறுமுறை வரும்போதும் குறை அப்படியே இருந்தால், பட்டறையின் அளவுக்கு ஏற்ற அபராதத்தை வங்கி வழியாக மட்டும் வாங்கலாம். ஆய்வாளர் என்றாலே ‘கவனிக்க’ வேண்டியிருக்குமே என்று சக பட்டறைக்காரர்கள் அஞ்சுவதில் நியாயம் இருப்பதால்தான் எழுத்தையும் வங்கியையும் வலியுறுத்துகிறேன். புதிய சட்டம் ஆய்வாளரை வழிகாட்டுபவராகவும் இருக்கச் சொல்கிறது; அந்த வழிகாட்டுதல் எங்கள் தெருவுக்கும் வரட்டும்.

முதலில் என் பட்டறைக்கே வரலாம். இழைப்பு எந்திரத்தின் பெல்ட்டுக்கு இன்னும் மூடி போடவில்லை என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரப்பட்டறை உரிமையாளர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.