தொழிற்சங்கக் கட்டிடத்துக்குள் ஓடைநீர் புகுவதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
பழைய தொழிற்சங்கக் கட்டிடப் பராமரிப்புக் குழுவினர்,
வடசேரி, நாகர்கோவில்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வடசேரி பஸ் நிலையத்தை அடுத்துள்ள எங்கள் ஓட்டுக் கட்டிடம் தாங்கள் அறிந்ததே. அதன் முன்னுள்ள கழிவுநீர் ஓடை குறித்துப் பொறுப்பான அலுவலகத்தில் பலமுறை மனு கொடுத்துவிட்டோம். ரசீது தந்தார்கள், பதில் தரவில்லை. ஆகவே தங்களிடம் வருகிறோம்.

1. பூதப்பாண்டி தந்த தோழர் ஜீவாவின் படம் மாட்டிய கூடம் இது. நெசவாளர், பீடித் தொழிலாளர், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர் ஆகியோரின் கூலிப் பேச்சுவார்த்தைகள் இங்கே நடந்தன. மே தினக் கொடியேற்றமும் ஏழை வீட்டுத் திருமணமும் இங்கேதான். 2017 ஒக்கி புயலில் மின்சாரமின்றி ஊர் தவித்தபோது இங்கேதான் கஞ்சி காய்ச்சினோம்.

2. சாலையையும் ஓடையையும் உயர்த்திக் கட்டியதால் வாசல் பள்ளமாகிவிட்டது. இம்மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. இரண்டிலும் சாக்கடை நீர் கூடத்துக்குள் வருகிறது.

3. நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வோம். பதிவேடுகள் அழிவதைப் பொறுக்க முடியவில்லை, ஐயா. கருங்கல், புதுக்கடைப் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், உழைத்த பெண்களின் சந்தாப் புத்தகங்கள் இங்கே இருக்கின்றன. 1995 தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி வேண்டும். குறைந்தபட்சத் தொகையே 1,000 ரூபாய்தான். அதற்கும் ஆதாரம் கேட்கிறார்கள். ஆலை மூடிக் கிடக்கிறது, முதலாளி ஊரில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இந்தப் புத்தகத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? போன மழையில் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் நனைந்தது. வெயிலில் உலர்த்தினோம், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க வரவில்லை, பிரிந்தவற்றில் மை கரைந்து நீலக் கறைதான். முந்திரித் தோட்டு எண்ணெயில் ரேகை தேய்ந்துபோன விரலால் ஓர் அம்மா அந்தக் கறைக்குள் தன் பெயரைத் தேடினார். அவருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? மனு கிடப்பில் இருக்கிறது என்றா?

4. புதுக் கட்டிடம் கேட்கவில்லை. நிதி உதவியும் கேட்கவில்லை. ஓடையைத் தூர்வாரி, எங்கள் வாசலருகே தாழ்த்திக் கட்டித் தந்தால் போதும்.

தாங்களே ஒருமுறை நேரில் வந்து அந்த அலமாரியைப் பார்க்க வேண்டுகிறோம். வர இயலாவிட்டால் பொறியாளரையாவது அனுப்புங்கள். அடுத்த மழைக்கு முன் ஓடையைச் சரிசெய்ய உத்தரவிடுங்கள், ஐயா. மேல்தட்டுப் புத்தகங்களாவது மிஞ்சட்டும்.

இப்படிக்கு,
பராமரிப்புக் குழுவினர்