நகர்கள் பெருகின, தெருக்கள் சேரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘பிரெஞ்சுக்காரன் போட்ட ஊர் ஒழுங்கு, நாமாகக் கட்டியது அலங்கோலம்’ என்று புதுச்சேரியில் பலர் பேசக் கேட்கிறேன். டவுனிலும் வெளியிலும் தபால் பையோடு சைக்கிள் மிதித்த எனக்கு அது சரியாகப் படவில்லை.

குறுக்கும் நெடுக்குமான அந்தத் தெருக்களை முதலில் வரைந்தவர்களே டச்சுக்காரர்கள். 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்களை ஒட்டியே திரும்பக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் பகுதியையும் நம்மவர் பகுதியையும் பிரித்த பெரிய வாய்க்காலுக்கு மேற்கே நம்மவர்கள் திண்ணையும் தாழ்வாரமுமாகக் குடியிருந்ததும் அதே நேர்த் தெருக்களில்தான். நேர்த் தெரு நமக்குப் புதிதா என்ன? நெசவுக்கு முன் பாவு நூலை நீட்டிக் கட்ட எவ்வளவு நீளத் தெரு வேண்டும் என்று தறிக்காரர்களைக் கேளுங்கள். தானாக வளர்ந்த கிராமத்துத் தெருவும், வளைந்தாலும் கோயிலிலோ குளத்தங்கரையிலோ போய்ச் சேரும்.

சிக்கல் இந்த இரண்டிலும் சேராத ‘நகர்’களில் இருக்கிறது. ஒருவர் தன் வயலில் மனை போடுகிறார். உள்ளே தெருவெல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்கும். சில வருடம் கழித்துப் பக்கத்து வயல்காரர் வேறு திசை பார்த்து மனை போடுகிறார். வரப்பு இருந்த இடத்தில் மதில் எழும்புகிறது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு மணியார்டர் கொடுக்க மெயின் ரோடு வரை போய்ச் சுற்றி வர வேண்டும். முகவரியில் ‘முதல் குறுக்குத் தெரு’ என்று மட்டும் இருந்தால் தீர்ந்தது. எல்லா நகரிலும் ஒன்று உண்டே!

வயலுக்குப் பாய்ந்த வாய்க்காலும் இப்படித்தான் நகருக்கு நகர் துண்டானது. 2024 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் சுமார் 46 செ.மீ. மழை, ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீட்டுக்குள் வெள்ளம். அவ்வளவு மழையை எந்த ஊரும் தாங்காது, சரி. மழை விட்ட பிறகாவது தண்ணீர் வடிய வழி வேண்டாமா?

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருகிறவர்கள் உள்ளே தெரு அகலத்தை அளப்பதோடு நிறுத்தக் கூடாது. அடுத்த மனைப்பிரிவின் தெருவோடு அது எங்கே சேருகிறது, பழைய வாய்க்கால் எந்த வழியாகப் போகிறது என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே முட்டி நிற்கும் தெருக்களின் முனையில் காலி மனை இருந்தால், வீடு எழும்புவதற்குள் நகராட்சி அதை விலைக்கு வாங்கி வழி திறக்கட்டும்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி – 3.